படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு "பையன் வேலை, பொண்ணு வேலை" பற்றிப் பேசுவது எப்படி: பெங்களூரு தமிழ்ப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

"எந்தப் புத்தகம் வாங்கணும், அதை மட்டும் சொல்லுங்க" என்றுதான் பெரும்பாலான பெற்றோர் ஆரம்பிக்கிறார்கள். ஒயிட்ஃபீல்டு பக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை வாசிக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்பார்கள். ஒருவருடைய மகள் பிங்க் தவிர வேறு கலரைத் தொடுவதில்லை. இன்னொருவருடைய மகன் பொம்மைக்குச் சோறூட்டியதற்கு ப்ளே ஸ்கூலில் கூடப் படிக்கிறவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

புத்தகம் சொல்கிறேன், அதில் ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் புத்தகத்தில் அச்சாகியிருப்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவர் போகிற போக்கில் சொல்வதுதான் பிள்ளையிடம் ஒட்டிக்கொள்கிறது. நல்ல புத்தகத்தை வாங்கிவந்து, வாசிக்கும்போது ஒரே வாக்கியத்தில் அதைக் கெடுத்துவிட முடியும். சுமாரான பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு அருமையாகப் பேசவும் முடியும். அதனால் இந்த வழிகாட்டியில் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சமும் பேசுவதைப் பற்றி நிறையவும் இருக்கும்.

1. முதலில் வயதைப் புரிந்துகொள்ளுங்கள்

3 வயதுப் பிள்ளைக்குத் தான் பையனா பொண்ணா என்று தெரியும். அது அப்படியே இருக்கும் என்பது மட்டும் இன்னும் தெரியாது. முடியை ஒட்ட வெட்டினால் அக்கா அண்ணனாகிவிடுவாளா என்று 4 வயதில் நிஜமாகவே சந்தேகம் வரும். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 1966-ல் இந்த வளர்ச்சியைப் பற்றி எழுதினார். உடையும் முடியும் மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்ற தெளிவு பெரும்பாலான பிள்ளைகளுக்கு 6, 7 வயது வாக்கில்தான் வருகிறது.

இடையில் வருகிற 4, 5 வயது சட்டாம்பிள்ளை வயது. செருப்பை வெளியே விடணும், சாப்பிடும் முன் கை கழுவணும் என்று விதிகளைச் சேகரிக்கிற பிள்ளை, அதே வேகத்தில் "பையன் அழக்கூடாது", "பொண்ணு ப்ளூ போடக்கூடாது" என்பதையும் சேகரிக்கும். சேகரித்ததை ஊருக்கெல்லாம் அமல்படுத்தும். கேட்டதும் பதறவும் வேண்டாம், "இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று விசாரணைக் கமிஷன் வைக்கவும் வேண்டாம். விசாரணை வைத்தால் அடுத்த முறை பிள்ளை அதை உங்களிடம் சொல்லாது, அவ்வளவுதான்.

அதற்காக, வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. 2017-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. லின் பியான், சாரா ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் மூவரும் செய்தது. ரொம்ப ரொம்பப் புத்திசாலியான ஒருவரின் கதையைச் சொல்லி, அது யாராக இருக்கும் என்று அமெரிக்கப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 5 வயதில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே அளவில் தங்கள் பாலினத்து ஆளையே காட்டினார்கள். 6 வயதில் பெண் பிள்ளைகள் அப்படிக் காட்டுவது குறைந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புக்குப் போவதற்குள் ஏதோ நடந்துவிடுகிறது. ப்ளே ஸ்கூல், எல்கேஜி வயதிலேயே பேச ஆரம்பிக்கச் சொல்வது இதனால்தான்.

2. வீட்டு அலமாரியை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்

புதிதாக வாங்குவதற்கு முன், இருக்கிற புத்தகங்களைத் தரையில் பரப்புங்கள். பிள்ளை தூங்கின பிறகு செய்வது நல்லது, இல்லையென்றால் அத்தனையையும் வாசிக்கச் சொல்லும். ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். கதையை நகர்த்துவது யார்? மரத்தில் ஏறுவது யார், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது யார்? கையில் கரண்டி யாருக்கு, செய்தித்தாள் யாருக்கு? அப்பா என்றாலே சோபா, அம்மா என்றாலே அடுப்படி என்கிற படம் நம்மூர் பாடப் புத்தகங்களிலிருந்து வந்த பழைய வியாதி. அது எத்தனை புத்தகங்களில் இருக்கிறது?

வேலைக்காரம்மா, டாக்டர், டிரைவர், டீச்சர் என்று வருகிற சின்னப் பாத்திரங்களையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் கதாநாயகனைவிட ஓரத்தில் நிற்கிறவரைத்தான் சில நேரம் உற்றுப் பார்க்கும்.

1972-ல் லெனோர் வைட்ஸ்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் கால்டெகாட் விருது வாங்கிய படப் புத்தகங்களை இப்படி எண்ணினார்கள். ஒரு பெண் படத்துக்கு 11 ஆண் படங்கள் இருந்தன. இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் பரிசாக வந்த புத்தகங்கள், பக்கத்து ஃப்ளாட் அண்ணன் வாசித்து முடித்துக் கொடுத்தவை எல்லாம் சேரும்போது உங்கள் அலமாரியின் கணக்கு உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கலாம்.

கணக்கு கோணலாக இருந்தால் எதையும் தூக்கிப் போட வேண்டாம். எங்கே குறைகிறது என்று தெரிந்தால் அடுத்து வாங்குவது சுலபம். நான் பார்த்தவரை இப்போது அதிகம் குறைவது துணிச்சலான பெண் பிள்ளைக் கதைகள் இல்லை, அவை கடையில் குவிந்து கிடக்கின்றன. தம்பிக்குத் தலை வாரிவிடுகிற பையன், பயந்து அழுது அப்புறம் சிரிக்கிற பையன், பூச்செடியைப் பார்த்துக்கொள்கிற பையன், இவர்கள்தான் கிடைப்பதில்லை. பொண்ணு ராக்கெட் விடலாம் என்று ஒத்துக்கொண்ட நம் வீடுகள், பையன் பொம்மைக்குச் சட்டை மாட்டலாம் என்பதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

3. எதை வாங்குவது, எங்கே கிடைக்கும்

பாலினம் என்ற பேச்சே இல்லாமல், ஒரு பொண்ணு சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற, ஒரு தாத்தா இட்லி ஊற்றுகிற கதைகள்தான் என் முதல் தேர்வு. அங்கே அது செய்தி இல்லை, சும்மா நடக்கிறது. அப்படிப்பட்டவை அலமாரியில் பெரும்பகுதி இருக்கட்டும்.

"பையனும் டான்ஸ் ஆடலாம்" என்று நேரடியாகப் பேச வருகிற புத்தகங்களில் எச்சரிக்கை தேவை. அவற்றில் பலவற்றில் எல்லோரும் அந்தப் பையனைப் பக்கம் பக்கமாகக் கிண்டல் பண்ணுவார்கள், கடைசிப் பக்கத்தில் கைதட்டுவார்கள். 6 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடைசிப் பக்கம் புரியும். 3 வயதுப் பிள்ளைக்கு நினைவில் நிற்பது கிண்டல்தான். டான்ஸ் ஆடினால் சிரிப்பார்கள் என்ற எண்ணமே இல்லாத பிள்ளைக்கு அதை நாமே கற்றுக் கொடுத்தது போலாகிவிடும். கிண்டலை ஏற்கனவே சந்தித்த பிள்ளைக்கு மட்டும் இந்த வகையைக் கொடுங்கள். அதற்கு அது மருந்து.

ராஜா ராணிக் கதைகள், பாட்டி சொல்கிற கதைகள் எல்லாம் இருக்கட்டும். ஒரே வகையைப் பத்தியமாகக் கொடுத்தால் பிள்ளைக்குப் புத்தகமே கசந்துவிடும்.

கிடைக்கும் இடம் என்று பார்த்தால் பெங்களூருக்காரர்களுக்குக் குறையே இல்லை. 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ் இந்த ஊர்க்காரர்கள்தான். அவர்களுடைய ஸ்டோரிவீவர் தளம் 2015-லிருந்து இருக்கிறது. தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் நிலை வாரியாகக் கதைகள் வரும். முதல் நிலை இந்த வயதுக்குச் சரி, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். எல்லாம் இலவசம், பிடிஎஃப் ஆக இறக்கி அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம். காப்புரிமை திறந்த முறையில் இருப்பதால் வரிகளை உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றி எழுதிக்கொள்வதிலும் தடையில்லை. ஒரே புத்தகத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் எடுத்து வைத்துக்கொண்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அக்காவும் அதை வாசிக்கலாம்.

1996-ல் தொடங்கிய சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படப் புத்தகங்கள் போடுகிறது. தமிழ் எழுத்து சரளமாக வராத, இங்கேயே பிறந்து வளர்ந்த அப்பா அம்மாக்களுக்கு இருமொழிப் புத்தகம் பெரிய உதவி. பழைய புத்தகம் என்றால் சர்ச் ஸ்ட்ரீட் கடைகளில் ஒரு மதியம் செலவழிக்கலாம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகம், விலை குறைவு. அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, பிள்ளையோடு போய்ப் பாருங்கள்.

4. முன்னாலேயே தனியாக வாசித்துவிடுங்கள்

5 நிமிட வேலை. நின்று பேசப் போவது எந்தப் பக்கத்தில் என்று ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு பேச்சு. பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்டால் அது பரீட்சை. முதல் தடவை வாசிக்கும்போது அந்தப் பக்கத்திலும் நிற்க வேண்டாம். கதை முழுதாகப் போகட்டும். பேச்சு இரண்டாவது, மூன்றாவது வாசிப்பில். இந்த வயதில் ஒரே கதையை எத்தனை தடவை கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

5. வாசிக்கும்போது: கேள், பொறு, நீட்டு

1988-ல் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் சக ஆய்வாளர்களும், பெரியவர் வாசிக்கப் பிள்ளை கேட்பது என்பதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். பிள்ளை கதை சொல்ல, பெரியவர் கேட்டு, கொஞ்சம் நீட்டிக் கொடுக்கும் முறை அது. அவர்கள் பார்த்தது மொழி வளர்ச்சியை. ஆனால் நம் விஷயத்துக்கும் அதே முறைதான் பொருந்துகிறது, ஏனென்றால் பிள்ளையின் தலைக்குள் என்ன விதி உட்கார்ந்திருக்கிறது என்று பிள்ளை பேசினால்தானே தெரியும்.

இப்படி ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா இடுப்பில் கைக்குழந்தையோடு ரசம் தாளிக்கிறார். அம்மா ஏணியில் ஏறி டியூப்லைட் மாட்டுகிறார். பெரியவர்கள் நமக்கு உடனே கண்ணில் படுவது "ஆஹா, மாற்றிப் போட்டிருக்கிறார்கள்" என்பது. இந்த மாதிரிப் படத்தை நான் விரித்தபோது பிள்ளைகள் பார்த்தது ஏணியை. "அம்மா விழுந்துடுவாங்க!" என்று ஒரு குரல். ஒரு பெண் பிள்ளை எழுந்துவந்து ஏணியின் காலை விரலால் பிடித்துக்கொண்டாள். காகிதத்தில்தான்! அந்த இடத்தில் நான் பாலினப் பாடம் ஆரம்பித்திருந்தால் அந்த விரலைத் தட்டிவிட்ட மாதிரி ஆகியிருக்கும். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் விதி தானாக வெளியே வரும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அப்பாதான் லைட் மாட்டணும்."

"அப்படியா? ஏன்?"

"எங்க வீட்ல அப்பாதான் மாட்டுவார்."

"ஓ, உங்க வீட்ல அப்பா மாட்டுவாரா. இந்த வீட்ல இந்த அம்மா மாட்டுறாங்க. சரி, லைட் மாட்டறதுக்கு என்னென்ன தெரியணும்?"

"ஸ்விட்ச் ஆஃப் பண்ணணும்!"

"அப்புறம்?"

"ஏணி ஆடக்கூடாது. யாராவது புடிச்சுக்கணும்."

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். "அப்படிச் சொல்லக்கூடாது" என்று யாரும் சொல்லவில்லை. "ஏன்" என்று கேட்டதும் பிள்ளை தன் வீட்டு அனுபவத்தைச் சொன்னது. அது உண்மைதான், அதை மறுக்க வேண்டியதில்லை. "உங்க வீட்ல அப்படி, இந்த வீட்ல இப்படி" என்றதும் உலக விதி ஒரு வீட்டு வழக்கமாகச் சுருங்கிவிட்டது. அப்புறம் யார் செய்யலாம் என்பதிலிருந்து என்ன தெரிந்தால் செய்யலாம் என்பதற்குப் பேச்சு நகர்ந்தது. இந்த இரண்டாவது நகர்த்தல்தான் முக்கியம். எந்த வேலை வந்தாலும் கேளுங்கள்: சாம்பார் வைக்க என்ன தெரியணும்? பஸ் ஓட்ட? குழந்தையைத் தூங்க வைக்க? வருகிற பதில் எதிலும் மீசையோ பாவாடையோ இருக்காது.

கேள்வி கேட்டதும் பொறுங்கள். மனதுக்குள் 5 வரை எண்ணுங்கள். 4 வயதுப் பிள்ளைக்கு வார்த்தை தேடி எடுக்க நேரம் வேண்டும். நாமோ 2 எண்ணுவதற்குள் விடையையும் நாமே சொல்லி முடித்துவிடுகிறோம். பதில் வரவில்லையா, விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது வரும்.

முகத்தைப் பார்த்து "இந்தப் பையனுக்கு இப்போ எப்படி இருக்கும்?" என்று கேட்பதும் நன்றாக வேலை செய்கிறது, முக்கியமாகப் பையன்களிடம். கோபமாக இருக்கிறான் என்பார்கள். "கோபத்துக்குக் கீழே வேற ஏதாவது இருக்கா?" என்றால் சில நேரம் "பயம்" என்று வரும்.

6. வாயிலிருந்து எடுக்க வேண்டிய சில வாக்கியங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து மெதுவாக வாசியுங்கள்.

சூசன் கெல்மன், மேரியன் டெய்லர், சிமோன் நுயென் மூவரும் 2004-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாய்மார்களுக்கு ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்து, இரண்டரை வயது, நாலரை வயது, ஆறரை வயதுப் பிள்ளைகளோடு பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். "பெண்கள் டிரக் ஓட்டக்கூடாது" என்று வெளிப்படையாகச் சொன்ன தாய்மார்கள் மிகக் குறைவு. ஆனால் ஆண்கள் இப்படி, பெண்கள் அப்படி என்று மொத்தமாகப் பேசும் வாக்கியங்கள் பேச்சு முழுக்க இருந்தன. பிள்ளை அப்படி ஒன்றைச் சொன்னால் மறுக்காமல் தாண்டிப் போவதும் சகஜமாக இருந்தது.

நம் வீட்டுப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். "பசங்கன்னா அப்படித்தான்." "பொண்ணுங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி." "ஆம்பளச் சிங்கம் அழலாமா?" "பொம்பளப் புள்ள அடக்க ஒடுக்கமா உக்காரு." கடைசி இரண்டும் தப்பு என்று பலருக்கும் தெரியும். முதல் இரண்டும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஏன், "பொண்ணுங்க ரொம்ப ஸ்ட்ராங்" என்று நல்ல எண்ணத்தோடு சொல்வதும் அதே வேலைதான். கூட்டமாகச் சொன்னதும் பிள்ளை ஒரு பெட்டி செய்துகொள்ளும். பெட்டிக்கு எந்தப் பெயிண்ட் அடித்தாலும் பெட்டி பெட்டிதான்.

மாற்று சுலபம்: கூட்டத்தை விட்டு ஆளைச் சொல்லுங்கள். "இந்தப் பொண்ணு மரம் ஏறுறா. கால எங்க வைக்கிறா பாரு." "இந்தத் தம்பிக்குப் பூனைன்னா பிரியம்." படத்தில் இருப்பவர் ஒரு ஆள், ஓர் இனத்தின் பிரதிநிதி இல்லை.

அடுத்தது "இருந்தாலும்", "கூட". "பொண்ணா இருந்தாலும் எப்படி பைக் ஓட்டுறா பாரு!" "அப்பா கூட சமைக்கிறார் பாரு!" பாராட்டுத்தான். ஆனால் பொண்ணு ஓட்டுவதும் அப்பா சமைப்பதும் அதிசயம் என்ற செய்தி அந்தச் சின்னச் சொல்லில் சவாரி செய்து உள்ளே போய்விடுகிறது. "அப்பா அம்மாவுக்கு உதவி பண்றார்" என்பதும் இதில் சேரும். உதவி என்றால் வேலை அம்மாவுடையது என்று ஆகிவிட்டதே! "அப்பா பாத்திரம் தேய்க்கிறார்." முற்றுப்புள்ளி. அது போதும்.

விலங்குக் கதைகளில் நமக்கு ஒரு வசதி. தமிழில் யானை வந்தது, நரி ஓடியது என்று போய்விடலாம். வம்பு வருவது ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லும்போதுதான். பெங்களூரில் பாதி வீடுகளில் அப்படித்தான் கதை நடக்கிறது. கரடி வந்தான், முயல் சொன்னான் என்று எல்லா விலங்கும் பையனாகிவிடும். ஜூடி டிலோச்சும் உடன் ஆய்வாளர்களும் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், ஆணா பெண்ணா என்று தெரியாத பாத்திரங்களைத் தாய்மார்கள் பெரும்பாலும் ஆண் என்றே குறிப்பிட்டார்கள். "அது" என்றே சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிள்ளையையே கேளுங்கள்: இந்தக் கரடி அண்ணனா, அக்காவா? நாளைக்கு மாற்றிச் சொன்னால் மாற்றியே வாசியுங்கள்.

7. நடுவில் வந்து விழும் கேள்விகள்

"பையன் வளையல் போடலாமா?" போடலாம். இந்த ஊரில் இதற்குப் பெரிய சாட்சியே இருக்கிறது. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் எடுத்து வருகிறவர் ஆண். புடவை கட்டி, வளையல் போட்டு, பூ அலங்காரத்தோடு வருவார். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். படத்தைக் காட்டி, "இவர் என்னவெல்லாம் போட்டிருக்கார், சொல்லு" என்று கேட்டால் போதும். விளக்கவுரை வேண்டாம்.

"அம்மாவுக்கு பஸ்ல ஏன் காசு வாங்கல, அப்பாகிட்ட மட்டும் வாங்குனாங்க?" 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்த பிறகு பெங்களூரு பிள்ளைகளிடமிருந்து வருகிற கேள்வி இது. "பொண்ணுங்க பாவம்" என்று சொல்லித் தொலைக்காதீர்கள். "நிறைய அம்மாக்களும் அக்காக்களும் வேலைக்குப் போக, படிக்கப் போக, ஊருக்குப் போக சுலபமா இருக்கட்டும்னு கர்நாடக அரசு இப்படி ஒரு விதி வச்சிருக்கு" என்றால் உண்மையும் வந்துவிட்டது, பிள்ளைக்கும் புரியும்.

சிக்னலில் கார் நிற்கும்போது திருநங்கை ஒருவர் கண்ணாடியைத் தட்டுகிறார். பின் சீட்டிலிருந்து சத்தமாக, "இவங்க அங்கிளா ஆன்ட்டியா?" சட்டென்று கண்ணாடியை ஏற்றிவிட்டு "பேசாம இரு" என்று அடக்கினால், இது பயப்பட வேண்டிய ஆள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். "அவங்க அக்கா. பிறந்தப்போ பையன்னு எல்லாரும் நினைச்சாங்க, அவங்களுக்குத் தான் பொண்ணுன்னு தெரிஞ்சது" என்ற இரண்டு வரி இந்த வயதுக்குப் போதும். வீட்டுக்கு வந்த பிறகு பத்மஸ்ரீ வாங்கிய திருநங்கை, பரத நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜின் நடனப் படத்தையும் காட்டுங்கள். சிக்னலில் பார்த்த ஒரு காட்சியோடு அந்தச் சித்திரம் நின்றுவிடக் கூடாது.

உடம்பைப் பற்றிய கேள்விகளுக்கு உறுப்பின் பெயரைச் சொல்லி, நேராக, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். உடம்பில் வித்தியாசம் உண்டு, விளையாட்டுச் சாமானில் கிடையாது.

8. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி

சேலத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து மூன்று மாதம் இருக்கிறவர்கள் பிள்ளையோடு அதிக நேரம் செலவழிப்பவர்கள். அவர்களைத் திருத்தப் பாய்வது பலன் தராது, அதுவும் பிள்ளையின் முன்னால் கூடவே கூடாது. பாட்டி "போற வீட்ல என்ன சொல்வாங்க" என்றதும் நீங்கள் முகம் சுளித்தால், பிள்ளை கவனிப்பது சண்டையைத்தான்.

அவர்களிடமே புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நடுநடுவே "நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்போ எப்படி, அத்தை?" என்று ஒரு தூண்டில் போடுங்கள். பாட்டி கிணற்றில் குதித்து நீச்சலடித்த கதை, வயலில் ஏற்றம் இறைத்த கதை, தாத்தா ஹாஸ்டலில் தானே துவைத்து தானே சமைத்த கதை எல்லாம் வரும். எந்தப் பதிப்பகமும் போடாத கதைகள் அவை. மாமனார் "பையனுக்கு ஏன் கிச்சன் செட்?" என்றால், "கல்யாண வீட்ல இருநூறு பேருக்குப் பந்தி போடறது யாரு மாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். கல்யாணச் சமையலில் கரண்டி பிடிப்பது ஆண்கள்தான் என்பது அவருக்குத் தெரியாததா?

9. புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவுக்கு

படத்தில் பார்த்ததை நேரில் பார்த்தால்தான் அது உண்மை. பெங்களூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. தர்ஷினியில் நின்றுகொண்டே சாப்பிடும்போது தோசைக் கல்லுக்குப் பின்னால் இருப்பவரைப் பிள்ளைக்குத் தூக்கிக் காட்டுங்கள். பிஎம்டிசி பஸ்ஸில் பெண் கண்டக்டர், மெட்ரோவில் ரயில் ஓட்டும் பெண்கள் இருக்கிறார்கள். சும்மா காட்டுங்கள், "பாரு, பொண்ணு!" என்று கூவ வேண்டாம். என்ன செய்கிறார் என்பதை மட்டும் பேசுங்கள்.

முடிந்தால் விடிகாலையில் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போங்கள். பூக் கட்டுவது பொம்பள வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, மல்லிகைக் குவியலுக்கு நடுவே சம்மணமிட்டிருக்கும் ஆண்களைக் காட்டுங்கள். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, வாழை நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் பூவைப் பார்ப்பதே இல்லை, வாய் விலை பேசிக்கொண்டிருக்கும், விரல் தானாக ஓடும். அந்த விரலைப் பார்த்தபடி பிள்ளை நிற்கும் இரண்டு நிமிடம் பத்துப் புத்தகத்துக்குச் சமம். வீட்டுக்கு வந்து நாரும் நாலு பூவும் கொடுத்து முயற்சி செய்யச் சொல்லுங்கள்.

கிரிக்கெட் பைத்தியம் உள்ள வீடென்றால் இன்னும் சுலபம். இந்தியப் பெண்கள் அணியின் முதல் டெஸ்ட் 1976-ல் இதே சின்னசாமி ஸ்டேடியத்தில் நடந்தது. கேப்டன் சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி. ஆர்சிபிக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்ததும் பெண்கள் அணிதான், 2024-ல். ஆண்கள் அணி அடுத்த வருடம்தான் வாங்கியது. பழைய விமான நிலையச் சாலையில் போகும்போது விண்வெளி மையத்தைக் காட்டி, சூரியனைப் பார்க்க ஆதித்யா எல்1 விண்கலம் 2023-ல் போனதையும், அந்தத் திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி என்பதையும் சொல்லலாம். ஊர்ப் பெயர் சொன்னால் தாத்தா உட்காரச் சொல்லி மீதிக் கதையைச் சொல்வார்.

10. வீட்டிலேயே ஒரு புத்தகம் செய்யுங்கள்

கடைசிப் படி இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஏ4 தாள் நாலை எடுத்து நடுவில் மடித்தால் 16 பக்கம். முதலும் கடைசியும் அட்டை. உள்ளே ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள், ஒரு போட்டோ, ஒரு வரி. "சித்தப்பா தோசை சுடுவார். வட்டமா வராது." "அம்மா ஸ்கூட்டர் ஓட்டுவாங்க. ஹெல்மெட் சிவப்பு." "வாட்ச்மேன் தாத்தா துளசி வளர்க்கிறார்." வரிகளைப் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

பழைய ஆல்பத்தைத் தேடினால் பெரும்பாலான தமிழ் வீடுகளில் ஒரு படம் கிடைக்கும். ஒரு வயது, இரண்டு வயது ஆண் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, கண் மையிட்டு, பூ ஜடை தைத்து, பின்னால் கண்ணாடி வைத்து ஸ்டூடியோவில் எடுத்தது. மாமாவோ அப்பாவோ. அதைப் பிரதி எடுத்து நடுப்பக்கத்தில் ஒட்டுங்கள். யார் என்று சொல்லாமல் பிள்ளையை ஊகிக்க விடுங்கள். அப்பா என்று தெரிந்ததும் முதலில் சிரிப்பு வரும். அப்புறம் கேள்விகள் வரும். பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் படத்தில் இருப்பவர். "எங்க அம்மாவுக்கு ஆசையா இருந்துச்சு, போட்டு விட்டாங்க. அழகா இருக்கேன்ல?" என்று வெட்கப்படாமல் சொன்னால் போதும்.

நடுவில் ஸ்டேப்ளர் போட்டால் கம்பி விரலைக் கிழிக்கும், அதனால் நூலால் தையுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம், பிள்ளை மேலே கிறுக்க முடியாது. இரண்டு பக்கம் காலியாக விடுங்கள். அங்கே யாரை ஒட்டுவது என்று பிள்ளையே ஒரு நாள் வந்து சொல்லும், சில நேரம் அது தெரு நாயாக இருக்கும். அதையும் ஒட்டுங்கள்.